அண்ணை பாடமாக்கிய வசனம்

கதைகளில் சாகிறவர்களுக்கு மூச்சுப் பஞ்சம் வருவதில்லை. நாற்பது வருடமாக நான் எழுதிச் சாக்காட்டியவர்கள் எல்லாரும் ஒரு முழு வசனத்தைச் சொல்லி, முற்றுப்புள்ளியும் வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்கள். ஒருத்தி பெற்ற பிள்ளைக்குத் தகப்பன் பெயரைச் சொன்னாள். ஒரு கிழவன் இருபது வருட வேலிச் சண்டையை நாலு சொல்லில் தீர்த்து வைத்தான். இன்னொருவன் மகனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனான். மகன் அடுத்த பத்துப் பக்கமும் அந்தச் சத்தியத்தைச் சுமந்து திரிந்தான். வாசகர்கள் அழுது கடிதம் போட்டார்கள். சாக்கட்டம் எழுதுவதில் பொன்னம்பலத்தை அடிக்க ஆளில்லை என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். நானும் மாலைக்குக் கழுத்தை நீட்டினேன்.

ஏன் முக்கியமான வசனத்தைச் சாகிறவன் வாயில் கொண்டுபோய் வைக்கிறோம் தெரியுமா? உயிரோடு இருக்கிறவன் சொன்னால் நாலு பேர் சாட்சி கேட்பார்கள். சாகப்போகிறவன் சொன்னால் கேட்க மாட்டார்கள். போகிற நேரத்தில் எவனும் பொய் சொல்ல மாட்டான் என்று உலகம் நம்புகிறது. ஆகவே எழுதுகிறவனுக்கு எந்த இடத்தில் ஒரு பொய் தேவையோ அந்த இடத்தில் ஒரு ஆளைச் சாக விடுவான். இது தொழில் இரகசியம், வெளியில் சொல்லக்கூடாது. சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கள்ளப் புத்தியால்தான் நான் இப்போது பின்னேரங்களில் வீட்டில் தனியாக இருக்கப் பயப்படுகிறேன்.

தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மானிப்பாயில் இருக்கிறேன். கதை எழுதாத நேரத்தில் கல்வெட்டு எழுதிக் கொடுப்பேன். ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகம் அது. முதற் பக்கத்தில் செத்தவரின் படம், பிறகு வரலாறு, செத்த திதியைச் சொல்லும் வெண்பா, அதன் பிறகு மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல், சகோதரர் புலம்பல் என்று வரிசையாகப் பாட்டு. பெயர் அவர்களுடையது, புலம்பல் என்னுடையது. கனடாவில் இருக்கிற மகன் போன் எடுத்து, “ஐயா, வாசிக்கிறவை அழவேணும், அப்பிடி எழுதுங்கோ” என்பான். நானும் அழ வைத்து அனுப்புவேன். மற்றவர்கள் வாயில் சொல்லை வைத்து வைத்து எனக்குக் கை பழகிவிட்டது.

அப்படிப் பழகிய கையால்தான் இரண்டு வருடத்துக்கு முன் என் சொந்த அண்ணையைச் சாக்காட்டிக் கதை எழுதினேன். அவர் அப்போது மயிலிட்டியில் கல்லுப்போல இருந்தார்.

கதையில் பெயரை மாற்றியிருந்தேன், ஊரை மாற்றவில்லை. நடந்தது இதுதான். தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம், ஆமி வருகிறது என்று மயிலிட்டி முழுவதும் ஒரே நாளில் எழும்பி ஓடியது. அம்மா அதற்கு முன்னமே செத்துப் போய்விட்டா. அண்ணை கந்தப்பு விடிய முன்னம் கடலுக்குப் போயிருந்தார். வீட்டில் ஐயாவும் நானும். வள்ளம் இழுக்கும்போது விழுந்து இடுப்பு முறிந்ததில் ஐயாவுக்கு நடக்க ஏலாது. தடியை ஊன்றி முற்றம் வரைக்கும் வருவார். இருந்தது ஒரு சைக்கிள். அதில் முதலில் என் கதைகள் இருந்த றங்குப்பெட்டியை ஏற்றிக்கொண்டு தெல்லிப்பழைக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் அதை வைத்துவிட்டு ஐயாவை ஏற்றத் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

திரும்பிப் போகவில்லை. செல் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பெட்டியின் மேல் குந்திக்கொண்டு, இன்னும் கொஞ்சம் பொறுத்துப் போவோம், இன்னும் கொஞ்சம் பொறுத்துப் போவோம் என்று பொழுதைப் போக்கினேன். பயம். வேறு ஒரு சாட்டும் இல்லை. பொழுது சாய்ந்து மைம்மலுக்குள் அண்ணை கரையேறி வந்து, “ஐயா எங்கை?” என்று கேட்டார். “போகப் பாத்தனான் அண்ணை, றோட்டை மறிச்சுப்போட்டாங்கள்” என்றேன். அவர் வந்த வழியே ஓடினார். அந்த நேரத்துக்கு உண்மையிலேயே வழி அடைபட்டுவிட்டது. அதற்குப் பிறகு ஐயாவைக் கண்டவர் இல்லை. என்றைக்குச் செத்தார், எப்படிச் செத்தார், ஒன்றும் தெரியாது. திதி தெரியாதபடியால் ஐயாவுக்குக் கல்வெட்டும் இல்லை. ஊரில் எல்லாருக்கும் வெண்பா எழுதிய எனக்கு என் தகப்பனுக்கு எழுத ஒரு நாள் கிடைக்கவில்லை.

கதையில் வரும் அண்ணன் கடைசி மூச்சில் தம்பியின் கையைப் பிடித்துச் சொல்வான்: “தம்பி, றோட்டை மறிச்சுப்போட்டாங்கள் எண்டு எனக்குத் தெரியும். நீ யோசியாதை.” அதை எழுதிய அன்று நான் நன்றாக நித்திரை கொண்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் கொண்டேன்.

இந்த மாசியில் அண்ணைக்குச் சுவாசப்பை பழுதாகிவிட்டது. ஆமி விட்டு ஊர் திறபட்ட பிறகு, ஐயாவின் வீட்டு அத்திவாரத்திலேயே தகரம் போட்டு தன் மனைவி, என் மச்சாள் இராசாத்தியோடு இருந்தவரை, மகள் தக்சாயினி மானிப்பாய்க்குத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். நான் ஒரு பின்னேரம் பார்க்கப் போனேன். அண்ணை தலையணையை அண்டக் கொடுத்துக்கொண்டு இருந்தார். மூக்கில் குழாய். நெஞ்சில் என் கதை வந்த சஞ்சிகை கிடந்தது.

“வாரும். என்னைச் சாக்காட்டின ஆள்” என்றார்.

“அண்ணை, உது வெறும் கதை.”

“கதைதான். உன்ரை கதையிலை சாகிறவங்களுக்கு எங்கையிருந்தடா உவ்வளவு மூச்சு வருது? எனக்குத் தேத்தண்ணி எண்டு சொல்ல ரெண்டு மூச்சு வேணும்.”

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரம் எடுத்தது. பிறகு வேறு ஏதோ கதை சொல்கிறவர் மாதிரி மெல்லக் கேட்டார்.

“மயிலிட்டியிலை ஒரு சத்தம் கேக்கிறது. உனக்குச் சொன்னனானோ?”

“என்ன சத்தம்?”

“பின்னேரம் மூண்டு, மூண்டரைக்கு. முத்தத்திலை. சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மாதிரி. வெளியிலை வந்து பாத்தா ஒருத்தரும் இல்லை. இராசாத்திக்குக் கேக்கிறேல்லை. திரும்பிப் போய் இருந்த நாள் தொட்டு எனக்குக் கேக்குது.”

அண்ணை அன்று அந்த நேரத்தில் வீட்டில் இல்லை. அந்த முற்றத்தில் சைக்கிளுக்குக் காற்றடித்த கதையை நான் இந்த முப்பத்தைந்து வருடத்தில் ஒருவருக்கும் சொன்னதில்லை, ஒரு கதையிலும் எழுதியதில்லை. அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான், மற்றவர் ஐயா.

அண்ணை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னொண்டும் சொல்லவேணும். அண்டைக்கு வள்ளங்கள் எல்லாம் தொண்டைமானாத்துக்குப் போனது. நானும் அதாலைதான் வந்தனான் எண்டு நீ நினைச்சுக்கொண்டிருக்கிறாய். இல்லை. நான் எங்கடை துறையிலைதான் வள்ளத்தை விட்டனான். பின்னேரம் நாலு மணி. உந்த றோட்டாலைதான் தெல்லிப்பழைக்கு நடந்து வந்தனான். ஒருத்தரும் மறிக்கேல்லை.”

முப்பத்தைந்து வருடம் இந்த மனிதன் என் பொய்யைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னோடு சோறு தின்றிருக்கிறார், என் கலியாணத்துக்கு முன்னின்றிருக்கிறார். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது.

“அப்ப ஏன் அண்ணை இவ்வளவு காலமும் கேக்கேல்லை?”

“எந்த முகத்தோடை கேக்கிறது? நான் ஒழுங்கை முகப்பிலை நிண்டு பாத்தன். முத்தத்திலை உன்ரை சைக்கிள் இல்லை. ஐயாவை ஏத்திக்கொண்டு போட்டாய் எண்டு நினைச்சு அப்பிடியே நடந்திட்டன். பத்து அடி உள்ளுக்கை போய் ஒரு குரல் குடுத்திருக்கலாம். நீ போகேல்லை. நான் கூப்பிடேல்லை.” மூச்சு வாங்கினார். “நீ பெரிய ஆள், எல்லாற்றை கடைசிச் சொல்லும் எழுதுவாய். ஐயா கடைசியா என்ன சொன்னவர்? அதை ஏன் நீ எழுதேல்லை?”

நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியாமல் இல்லை. அதற்குப் பதிலாக, கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டதைக் கேட்டேன். “அண்ணை, நீங்கள் என்னை மன்னிச்சிட்டியளோ?”

அவர் சஞ்சிகையைத் தட்டிக் காட்டினார். “அதுதான் நீ எழுதிப்போட்டியே. பிறகேன் என்னட்டைக் கேக்கிறாய்?” என்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் போனேன். பார்க்கப் போனேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. ஒரு சொல்லுக்காகப் போனேன். ஓம் என்றோ, இல்லை என்றோ, தூவென்று துப்பினால்கூடப் போதும். நான் எழுதாத ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவேண்டும். அவர் தண்ணீர் கேட்டார், தலையணையை மாற்றச் சொன்னார், கச்சான் காற்று தொடங்கிவிட்டதோ என்று கேட்டார். நான் வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது அறைக்குள் தக்சாயினி எதையோ வாசித்துக் காட்டுகிற சத்தம் கேட்கும். நான் உள்ளே போனதும் நின்றுவிடும். பத்திரிகையாக்கும் என்று நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்குத் தக்சாயினி போன் எடுத்தாள். நான் போனபோது சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். மயிலிட்டியில் அக்கம் பக்கத்தில் இருந்த கிழடுகளும் வந்திருந்தார்கள். ஒவ்வொருவராக அண்ணைக்குக் கடைசிப் பால் பருக்கிக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்து நான் கரண்டியோடு குனிந்தபோது அண்ணை கண்ணைத் திறந்தார். கையைத் தூக்கி, எல்லாரையும் சத்தம் போடாமல் இருக்கச் சொல்வதுபோல ஆட்டினார். அறை அடங்கியது.

“தம்பி” என்றார். மூச்சை இழுத்தார். “றோட்டை மறிச்சுப்போட்டாங்கள் எண்டு…” திரும்பவும் இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. “எனக்குத் தெரியும்.” இன்னொரு மூச்சுக்கு வெகுநேரம் காத்திருந்தார். எல்லாரும் காத்திருந்தோம். “நீ யோசியாதை.”

அறையே அழுதது. மச்சாள் என் தோளில் விழுந்தா. “எப்பிடிப்பட்ட மனிசன், போகேக்கையும் தம்பியைத் தேத்திப்போட்டெல்லோ போறார்” என்று ஒரு கிழவர் விம்மினார். நான் அண்ணையின் கண்ணைப் பார்த்தேன். அதில் இரக்கம் இருந்ததா, பகிடி இருந்ததா, கோபம் இருந்ததா? நான் எழுதிய வசனம் என்பதால் எனக்கு அதற்குள் ஒன்றும் தெரியவில்லை. நான் பருக்கிய பால் அவருடைய கன்னத்தில் வழிந்தது.

கதையென்றால் அந்த வசனத்தோடு தலையைச் சரித்திருப்பேன். அண்ணை அதன் பிறகு நாற்பது நிமிடம் மூச்சு விட்டார், ஒரு சொல்லும் சொல்லாமல்.

எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்த மறுநாள் தக்சாயினி வீட்டுக்கு வந்தாள். கல்வெட்டு நான்தான் எழுதவேண்டும் என்றாள். அண்ணையின் படத்துக்குக் கீழே அவருடைய கடைசி வார்த்தை வரவேண்டும் என்றாள்.

“பிள்ளை, அது நான் எழுதின வசனம்” என்றேன்.

“எனக்குத் தெரியும் சித்தப்பா. நான்தானே அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினனான். ஒவ்வொரு நாளும் பாடமாக்கினவர். முதல் நாள் பாதியிலை மூச்சு அறுந்துபோச்சு. ‘ஒரே மூச்சிலை ஏலாது பிள்ளை, நாலாப் பிரிப்பம்’ எண்டார். பிறகு எங்கை எங்கை மூச்செடுக்கிறதெண்டு பென்சிலாலை கோடு போடச் சொன்னார்.”

அவளே மிச்சத்தையும் சொன்னாள்.

“ஏன் அப்பா உதுக்கு இவ்வளவு பாடு எண்டு கேட்டனான். ‘ஊரிலை அவனைப் பற்றிக் கதைக்கிறாங்கள். சாகிறவன் சொன்னா ஒருத்தரும் மறுத்துக் கதைக்கமாட்டாங்கள். உன்ரை சித்தப்பன் படிப்பிச்ச வித்தைதான்’ எண்டார். எல்லாருக்கும் கேக்கச் சொல்லவேணும் எண்டுதான் எங்கடை ஊர்ச் சனத்தையும் வரச் சொன்னவர்.”

அவள் போன பிறகு கதிரையில் இருந்து அழுதேன். தேத்தண்ணி கேட்க மூச்சில்லாத மனிதன் ஒரு கிழமையாக மூச்சைச் சேர்த்து வைத்து, கடைசியில் அதைக் கொண்டுபோய் என் பொய்யில் செலவழித்திருக்கிறார். அவருக்கென்று ஒரு கடைசிச் சொல் இருந்திருக்கும். மச்சாளுக்கு, மகளுக்கு, கடலுக்கு, யாருக்கோ. அதை வைக்க இடமில்லாமல் நான் முன்னமே அவர் வாயை நிறைத்துவிட்டேன். மன்னித்தாரா என்று இனி ஒருநாளும் எனக்குத் தெரியப்போவதில்லை.

அழுது முடிந்து முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். பின்னேரம் மூன்றரை இருக்கும். முன்பக்கம் முற்றத்தில் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சத்தம் கேட்டது. ஒரே சீராக, அவசரம் இல்லாமல், ஒவ்வொரு இழுவைக்கும் இடையில் வயசான ஆள் மூச்சு விடுகிற இடைவெளியோடு. எட்டிப் பார்த்தேன். என் சைக்கிள் மட்டும் மதிலோடு சாத்திக் கிடந்தது. மயிலிட்டியில் அண்ணைக்குக் கேட்ட சத்தம், அவர் போன பிறகு என்னைத் தேடி மானிப்பாய்க்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரு பின்னேரமும் தப்பவில்லை.

கல்வெட்டை எழுதினேன். திதி வெண்பா தளை தட்டாமல் வந்தது. மச்சாளுக்கும் தக்சாயினிக்கும் புலம்பல் எழுதினேன். படத்துக்குக் கீழே அண்ணையின் வசனத்தை அவள் கேட்டபடியே வைத்தேன். அது என் வசனம்தான், ஆனால் அதில் இருக்கிற மூச்சு அவருடையது; அதை வெட்ட எனக்கு உரிமை இல்லை. சகோதரன் புலம்பல் பக்கம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. ஐந்து நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள் பின்னேரம், அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, எழுதினேன்.

அச்சகம் வைத்திருக்கிற கிறகோரியிடம் ஒரு வழக்கம் உண்டு. பிழை பார்க்கும்போது அவர் கொம்பியூட்டரில் இருப்பதை உரக்க வாசிப்பார், நான் என் கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஆயிரம் சாவை அச்சடித்த மனிதர். பஞ்சாங்கம் படிக்கிற குரலில்தான் எல்லாப் புலம்பலையும் வாசிப்பார். முதற் பக்கத்தை வாசித்தார். “தம்பி, றோட்டை மறிச்சுப்போட்டாங்கள் எண்டு எனக்குத் தெரியும்.” சரி என்றேன். வெண்பா, சரி. மனைவி புலம்பல், சரி. மகள் புலம்பல், சரி. பதினான்காம் பக்கத்துக்கு வந்து நின்றார்.

“பொன்னம்பலண்ணை, உது பாட்டில்லையே?”

“பாட்டில்லை. வாசியும்.”

“முதற் பக்கத்திலை ஒரு கதை, இஞ்சை வேறை கதையா இருக்கு. வாறவை ரெண்டையும் வாசிப்பினம். மாத்துறதெண்டா இப்பவே சொல்லுங்கோ.”

“மாத்தேல்லை. வாசியும்.”

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அதே பஞ்சாங்கக் குரலில் வாசிக்கத் தொடங்கினார். நான் கையெழுத்துப் பிரதியைப் பார்க்கவில்லை. அதில் இருப்பது எனக்குப் பாடம்.

“சகோதரன் புலம்பல். றோட்டுத் திறந்திருந்தது. நான் போகவில்லை. பயத்தில் போகவில்லை. அண்ணை கேட்ட கேள்விக்கு அவர் இருக்கும்போது பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். அன்று பின்னேரம் மூன்றரை மணிக்கு நான் கதைப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நின்றேன். ஐயா தடியைச் சுவரில் சாத்திவிட்டு, குனிய ஏலாத இடுப்போடு குனிந்து, பின் சில்லுக்குக் காற்றடித்தார். அடித்து முடித்து, சில்லை விரலால் அமத்திப் பார்த்துவிட்டு அவர் சொன்னதுதான் நான் கேட்ட அவருடைய கடைசிச் சொல்.”

கிறகோரி என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கடைசி வரியையும் வாசித்தார்.

“இப்ப காத்துக் காணும். திரும்பி வரேக்கை ரெண்டு பேரைத் தாங்கும்.”